இரண்டு வட்டம் போட்டால் போதாது: சமாதான வேலையில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

இலங்கையின் கிழக்கில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களுக்கு நடுவே நல்லிணக்க வேலை செய்ய ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். பட்டதாரிகள், கெட்டிக்காரர்கள், மனசும் நல்லது. இருந்தும் நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட அதே பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில் விடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

ஜும்ஆ நேரத்தில் கூட்டம் வைக்காதே, போயா நாளில் பயணம் போடாதே, சாப்பாட்டுக்கு ஓடர் கொடுக்கும் முன் எல்லாரையும் கேள் என்பவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை ஏச்சு வாங்கினால் அதெல்லாம் தானாகப் படிந்துவிடும்.

‘இரு தரப்பு’ என்று கணக்கெடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபம். புதிய கள உத்தியோகத்தர் சுவரில் பெரிய தாளை ஒட்டி மார்க்கரால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றுக்குள் தமிழர், மற்றதற்குள் சிங்களவர். இரண்டும் தொடும் இடத்தில் ‘சமாதானம்’ என்று எழுதி அடிக்கோடும் இழுத்தார். மண்டபத்தில் பாதிப்பேர் முஸ்லிம்கள். மாதர் சங்கத்திலிருந்து வந்திருந்த வயதான உம்மா ஒருவர் கையைத் தூக்கி, “தம்பி, ரெண்டு தரப்பு எண்டு சொல்றீங்க. நாங்க எந்தத் தரப்பு?” என்று கேட்டார். பையன் தடுமாறிப்போய், தாளின் கீழ் மூலையில் மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக ஒரு மூன்றாவது வட்டம் போட்டார். உம்மா சிரித்தார், கோபப்படவில்லை. தேநீருக்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் ஒருவரையும் காணவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை.

பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் போட்ட வட்டத்தைத்தான் அவரும் போட்டார். 2002 பெப்ரவரியில் வந்த போர்நிறுத்த உடன்படிக்கையில் இருப்பது இரண்டே கையெழுத்து: ரணில் விக்கிரமசிங்க, பிரபாகரன். அந்த ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, முஸ்லிம்கள் தனித் தரப்பாக அமர வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அரசாங்கக் குழுவில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார். அதற்குப் 12 ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியிருந்தார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணித்தியால அவகாசம். புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் ஊர் திரும்புவதைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கென்று ஒரு கதிரை இல்லை.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. இலங்கையில் அதிகமானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோர முஸ்லிம் ஊர்கள் பல அழிந்துபோயின. நிவாரணத்தைப் பங்கிட 2005 ஜூனில் பொதுக் கட்டமைப்பு உருவானபோது ஒப்பமிட்டது யார்? மறுபடியும் அரசாங்கமும் புலிகளும். குழுக்களில் முஸ்லிம் பிரதிநிதிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்தான், ஆனால் ஒப்பமிட அழைக்கவில்லை. முஸ்லிம் கட்சிகள் கொதித்தன. ஜே.வி.பி. வேறு காரணம் சொல்லி அரசை விட்டு வெளியேறி வழக்கும் போட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதிக்க, கட்டமைப்பு அப்படியே கிடந்து போயிற்று. தடை வாங்கியவர்கள் தெற்கில் இருந்தார்கள், சரி. ஆனால் பேரழிவில் அதிகம் இழந்த கரையோரமே அதைத் தன்னுடையது என்று காப்பாற்ற எழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, மூன்று வட்டம் போட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை.

காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு தொழுகையில் நின்ற 100க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்; ஊர்ச்சனம் முஸ்லிம் ஊர்காவல் படையினரை நோக்கிக் கை காட்டுகிறது. இரண்டு ஊருக்கும் இரண்டு நினைவு நாள். மூன்று வட்டம் போடுகிறவர் இந்த ஊர்களை அந்தந்த வட்டத்துக்குள் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்தை விட்டுப் பிரிந்தபின் மட்டக்களப்புத் தமிழர் வீடுகளில் யார் யாருக்குப் பயந்தார்கள் என்பதற்கு எந்த வட்டத்திலும் இடமில்லை. மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமை இழந்த கதை ‘தமிழர்’ என்ற வட்டத்துக்குள் முழுதாக அடங்காது. சிங்களவர் வட்டத்துக்குள்ளும் அப்படித்தான். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி எழுந்தது. 1990இல் மாத்தறையில் அதே பெயரில் சிங்களத் தாய்மார் திரண்டார்கள், ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கிய காலத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடி. மாத்தறைத் தாயையும் மட்டக்களப்புத் தாயையும் எதிரெதிர் வட்டத்தில் வைத்தால், அந்த மண்டபத்தில் ஒருவருக்கொருவர் பேச ஏதாவது வைத்திருந்த இருவரை நீங்களே பிரித்துவிட்டீர்கள்.

இன்னொன்று, அரசியல் எப்படித் துருவப்படுகிறது என்பதும் இந்தப் படத்தில் தெரியாது. பெரும்பாலும் தீ மூள்வது தரப்புக்குள்ளே நடக்கும் போட்டியில். 1956 தேர்தலுக்கு முன் பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் என்றார். இரு மொழிக்கும் சம இடம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் களனி மாநாட்டில் அதையே பிடித்துக்கொண்டது. ஏலத்தில் விலை ஏறுவது போல. 1957 ஜூலையில், பிரதமரான பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் அதிகாரப் பகிர்வுக்காகச் செய்த பண்டா, செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானதும் எதிரணியில் இருந்த ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் அமர, ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதமே கலவரம். பண்டாரநாயக்கவுக்கு செல்வநாயகத்தோடு பேசுவது கஷ்டமாக இருக்கவில்லை. தன் பக்கத்தில் தன்னைவிடக் கூட்டிக் கேட்கிறவர்களைச் சமாளிக்கத்தான் முடியவில்லை. தமிழ் அரசியலிலும் இதே கூத்து பிறகு நடந்தது, நன்றாகவே நடந்தது.

ஆகவே தாளில் இனத்தின் பெயரை எழுதாமல், பிரச்சினையின் பெயரை எழுதுங்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரத்தை எடுங்கள். 2019 ஜூனில் தரமுயர்த்தச் சொல்லி ஒரு பக்கம் உண்ணாவிரதம், கூடாது என்று மறு பக்கம் சத்தியாக்கிரகம். மேலே பார்த்தால் தமிழ், முஸ்லிம் சண்டை. கிட்டப் போனால் கணக்காளர் எந்த அலுவலகத்தில் இருப்பார், எந்தக் காணி எந்த எல்லைக்குள் வரும், கடைத்தெரு வருமானம் யார் கைக்குப் போகும் என்று தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எழுதுங்கள்: இதில் யாருக்கு நட்டம்? முடிவு எடுப்பவர் யார்? அந்த முடிவை அவர் பக்கத்திலேயே கெடுக்கக்கூடியவர் யார்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வட்டம் தேவைப்பட்டால் பிறகு போட்டுக்கொள்ளலாம், எண்ணிக்கை தானாக வரும்.

பழகவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது

யாழ்ப்பாணப் பிள்ளைகளைக் காலிக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் பாட்டுப் பாடி, கட்டிப்பிடித்து அழுது, பஸ் ஏற்றி அனுப்பும் திட்டங்கள் ஏராளம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே சொல்லிவிட்டார்: சந்திப்பு வெறுப்பைக் குறைக்க வேண்டுமானால் அங்கே சம அந்தஸ்து வேண்டும், பொதுவான ஒரு காரியம் வேண்டும், அதை ஒத்துழைத்துச் செய்ய வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். சுற்றுலாவில் இவற்றில் எத்தனை இருக்கிறது?

அம்பாறைப் பக்கத்து நீர்ப்பாசனக் குடியேற்றமான கல்லோயாவைப் பாருங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையொட்டித் தமிழர்கள் கொல்லப்பட்ட இடம். அதே கல்லோயாவின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் விவசாயிகள் அமைப்புகள் உருவாகி, வாய்க்கால் தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகளும் வாலில் இருந்த தமிழ் விவசாயிகளும் முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்தார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. போகம் தவறக்கூடாது, அவ்வளவுதான். மீன்வாடி, யானை வேலி, பஸ் நேரம் என்று உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும். வயல் தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானையைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பட்டியலே தருவார்.

அமைச்சரை அழைப்பது

வேண்டாம்.

“எல்லாருக்கும் இழப்புதானே” என்று சமன் செய்வது

2017 பெப்ரவரியிலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் வீதியோரக் கொட்டிலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைக்கு மரணச் சான்றிதழும் வேண்டாம், காணாமற்போனமைச் சான்றிதழும் வேண்டாம், பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் மண்டபத்தில் வாய் திறந்தவுடன், “மற்றப் பக்கமும் இழந்திருக்கிறார்கள் அம்மா” என்று வளவாளர் குறுக்கே விழுவார். சொன்னது உண்மைதான். ஆனால் அவருக்குக் கேட்பது “நிறுத்து” என்பது மட்டுமே. முடியும்வரை பேச விடுங்கள். மற்றப் பக்கத்து இழப்பை மற்றப் பக்கத்தார் சொல்வார்கள். அதை முந்திக்கொண்டு சொல்வது உங்கள் வேலை இல்லை.

வதந்திக்கு மறுப்பறிக்கையை நம்பியிருப்பது

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறியில் கட்டி கட்டியாக ஏதோ கிடந்தது, அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் சூழ்ந்தது. காசாளர் மிரட்டலுக்கு நடுவே, சிங்களமும் சரியாக விளங்காமல், தலையாட்டினார். அந்த வீடியோ போன் போனாகப் பறந்தது. கடை, பள்ளிவாசல் எல்லாம் அடிபட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து அது மாவுக் கட்டிதான் என்று அறிக்கை கொடுத்தார். அறிக்கை வருவதற்குள் கண்டிப் பக்கத்தில் திகன எரிந்துவிட்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், அதையொட்டி பேஸ்புக், வட்ஸ்அப் முடக்கம்.

உண்மை கடைசியில் வெல்லும் என்று சொல்லிக்கொண்டிருந்தால் கடை சாம்பலான பிறகுதான் வெல்லும். அந்த இரவில் தேவைப்பட்டது போய்ப் பார்த்து வந்து சொல்ல ஒரு ஆள். பார்த்தவர் தன் ஊர்க்காரராகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுபடாது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், பேக்கரிக்காரர், பாமசியில் நிற்பவர் என்று இரவு 11 மணிக்கும் போன் எடுக்கக்கூடிய சிலரின் இலக்கங்களைச் சேர்த்து வையுங்கள். மதத் தலைவர்களின் இலக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்களில் பாதிப்பேரின் போன் ஓஃப். அந்தச் சிலரை மற்ற ஊர்ச் சிலரோடு அமைதியான நாட்களிலேயே பேசவும் வையுங்கள். கலவர இரவில் அறிமுகம் செய்துவைக்க முடியாது.

மரம் நடுவது

நடுங்கள், நிழல் கிடைக்கும். றிப்போட்டில் அதை நல்லிணக்கம் என்று எழுதாதீர்கள்.

வந்தவர் திரும்பிப் போகும் வீட்டை மறப்பது

கூட்டத்துக்கு வருபவர் மாலையில் தன் ஒழுங்கைக்குத் திரும்புகிறார். “அவங்களோட என்ன கதை உனக்கு?” என்ற கேள்வி படலையிலேயே காத்திருக்கும். நம் வரலாற்றில் அந்தக் கேள்வி வார்த்தையோடு நின்றதில்லை. தன் பக்கத்து அத்துமீறல்களையும் பதிவு செய்த ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டார். அரசியல் தீர்வுக்கு வரைவு எழுத உதவிய நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையில் கொழும்பில் குண்டுக்குப் பலியானார். இன்றைக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் ஒரு முகநூல் பதிவு, ஒரு குழுப்படம், பெயருக்குப் பக்கத்தில் ‘துரோகி’ என்று ஒரு கொமென்ட் போதும், சந்தையில் கடை வைத்திருப்பவரின் வியாபாரம் படுத்துவிடும்.

அதனால் படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பெயர்ப் பட்டியலை அனுப்பு என்று நிதி வழங்குநர் கேட்டால், எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். கூட்டம் முடிந்து இரண்டு மூன்று நாளில் போன் எடுங்கள். பேச்சில் வெளுத்து வாங்கியவரை விடுங்கள், வாய் திறக்காமல் இருந்தவரை எடுங்கள். “கூட்டம் எப்படி இருந்தது?” என்றால் நல்லம் என்று வைத்துவிடுவார். “போய் வந்ததைப் பற்றி ஊரில் என்ன சொன்னார்கள்?” என்று கேளுங்கள். சில வேளை அரை மணித்தியாலம் பேசுவார். அடுத்த கூட்டத்தை எங்கே, யாரோடு வைப்பது என்பது அநேகமாக அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். வைக்கக் கூடாது என்பதும் சில சமயம் அதில்தான் தெரியும்.