மேசியாவின் வம்சாவளி: வாதத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசியா, அதாவது கடவுள் அனுப்புவதாக வாக்களித்த ராஜா, தாவீது ராஜாவின் வம்சத்தில்தான் வரவேண்டும். அதனால் இயேசு தாவீதின் வம்சமா இல்லையா என்று யூதர்களும் கிறிஸ்தவர்களும் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் வீசுகிற பல வசனங்கள் வீசியவர் மேலேயே திரும்பி விழுகின்றன என்பதுதான் வேடிக்கை.

கிறிஸ்தவர்கள் பக்கம் அதிகம் தென்படுவது, "லூக்காவில் இருப்பது மரியாளின் வம்சாவளி" என்று அடித்துச் சொல்வது. மரியாளின் கணவன் யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மத்தேயு சாலொமோன் வழியாக வருகிறார், லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக. சிக்கல் இருக்கிறது, சரி. ஆனால் லூக்கா 3:23-இல் மரியாள் பெயரே கிடையாது. 3-ஆம் நூற்றாண்டிலேயே இதை எடுத்துப் பேசிய ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அந்தப் பக்கம் போகவில்லை. யாக்கோபும் ஏலியும் ஒரே தாய்க்கு வேறு வேறு தகப்பனிடம் பிறந்தவர்கள், ஏலி பிள்ளையில்லாமல் செத்ததால் உபாகமம் 25 சொல்கிறபடி யாக்கோபு அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டான், அப்படிப் பிறந்தவன்தான் யோசேப்பு என்றார்.

அது மரியாளின் பட்டியலே என்று வைத்துக்கொண்டாலும் யூதர் விடமாட்டார். கோத்திரம் தகப்பன் வழி. எண்ணாகமம் 1:18-ஐயும், தாய் வழிக் குடும்பம் குடும்பமாகக் கணக்கில் வராது என்கிற தல்மூத் (யூத ரபிகளின் சட்ட விளக்க நூல்) வரியையும் எடுத்து வைப்பார். உடனே, மகன் இல்லாத தகப்பனின் பங்கைப் பெற்ற செலோப்பியாத்தின் மகள்களை அழைத்து வராதீர்கள்! அவர்களுக்குக் கிடைத்தது நிலம். எண்ணாகமம் 36-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: வேறு கோத்திரத்தில் கட்டிக்கொடுத்தால் நிலம் அந்தக் கோத்திரத்துக்குப் போய்விடும் என்றுதான் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்கச் சொன்னார்கள். அதாவது அந்த உதாரணம் யூதர் வாதத்துக்குத்தான் பலம்.

யூதர்கள் பக்கம் பிடித்த ஆயுதம், தாவீதின் வழிவந்த யூதா ராஜா எகொனியாவின் மேல் விழுந்த சாபம். அவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டான் என்கிறது எரேமியா 22:30, மத்தேயு பட்டியலில் அந்த எகொனியா இருக்கிறான், கதை முடிந்தது என்பார்கள். முடியவில்லை. என் கையில் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று கடவுள் எகொனியாவிடம் சொன்னார். அவன் பேரன் சொரொபாபேலிடம் ஆகாய் 2:23-இல், உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். சிறையிருப்பு எல்லாப் பாவத்துக்கும் பரிகாரமாகும் என்று தல்மூத்திலேயே ஒரு கருத்து வருகிறது, அதற்குக் காட்டப்படும் உதாரணமே எகொனியாதான். பாபிலோனில் யூதர்களுக்குத் தலைமை வகித்தவர்களும் எகொனியா வழியாகத்தான் தாவீதின் வம்சம் என்று உரிமை கொண்டாடினார்கள். ஆகவே இந்த ஆயுதத்தைக் கீழே போடுவது நல்லது. "சாபத்தைத் தாண்டத்தான் கன்னிப்பிறப்பு" என்கிற கிறிஸ்தவரும் கொஞ்சம் நிதானிக்கலாம். ரத்தத்தைப் பிடிக்கிற சாபம் யோசேப்பு வழியாக வரும் சிங்காசன உரிமையை மட்டும் ஏன் விட்டுவைக்கும்?

யோவான் ஸ்நானகனின் தாய் எலிசபெத்து ஆரோன் வம்சம், மரியாள் அவளுக்கு உறவு, ஆகவே மரியாள் லேவி கோத்திரம் என்பதும் அவசரம். கோத்திரம் தாண்டியும் உறவு வரும்: லேவி கோத்திரத்து ஆரோனே யூதா கோத்திரத்து அம்மினதாபின் மகளைக் கட்டியவர். மத்தேயுவின் பதினான்கு பதினான்கு தலைமுறைக் கணக்கை வைத்து ஆண்டுகளைக் கூட்டவும் வேண்டாம், யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களை அவர் விட்டிருக்கிறார்.

உண்மையான முடிச்சு ஒன்றுதான்: பெறாத தகப்பன் பெயர் வைத்து மகனாக ஏற்றுக்கொண்டால் கோத்திரம் இறங்குமா? இறங்கும் என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை, யூதச் சட்டம் இறங்காது என்கிறது. வாதம் செய்வதானால் இங்கே செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. "கி.பி. 70-இல் ஆலயத்தோடு வம்சப் பதிவுகளும் போயின, இனி எந்த மேசியாவும் தன்னை நிரூபிக்க முடியாது" என்று யூதரை மடக்கப் பார்க்கிறார்கள். வம்சத்தை நிரூபிக்க முடியாத ஆசாரியர்களை ஊரீம் தும்மீம் (கடவுளின் முடிவைக் கேட்டறிய வைத்திருந்தவை) உள்ள ஆசாரியன் எழும்பும்வரை காத்திருக்கச் சொன்ன கதை எஸ்றா 2-இலேயே இருக்கிறது. அதை வைத்துத்தான் 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார்: மேசியா ராஜா வந்து பரிசுத்த ஆவியால் முதலில் லேவியரைப் பிரித்தெடுப்பார், அப்புறம் யார் எந்தக் கோத்திரம் என்று சொல்வார்.