ஊருக்குப் போகிறீர்களா? வயிற்றுக்கு ஒத்துவரும் தேத்தண்ணியைக் கேட்டு வாங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் நான்கு வீடு போனால் நான்கு பால்தேத்தண்ணி. வேண்டாம் என்றால் மாமிக்கு மனம் நோகும். பல வீடுகளில் அது பால்மா கரைத்து, கடும் சாயத்தோடு, சீனி தாராளமாகப் போட்டு வரும். பால் செமிக்காதவர்களுக்கு மூன்றாவது வீட்டிலேயே வயிறு ஊதத் தொடங்கிவிடும்.

மறுக்க வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். கேத்தில் அடுப்பில் ஏறும்போதே, "மாமி, பால் வேண்டாம், இஞ்சி தட்டிப் போட்டு, சாயம் குறைச்சு ஒரு பிளேன்டீ தாங்கோ" என்று சொல்லிவிடுங்கள். சீனிக்குப் பதில் பனங்கட்டி ஒரு துண்டு கேட்டால் சந்தோஷமாக எடுத்து வருவார்கள். கடித்துக் கடித்துக் குடிக்கலாம், இனிப்பின் அளவும் உங்கள் கையில். கடைப் பிளேன்டீ பெரும்பாலும் கடுமையாக இருக்கும். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் குமட்டும், இடியப்பமோ பாணோ சாப்பிட்ட பிறகு குடியுங்கள்.

இரவுக்கு மல்லித்தண்ணிதான் என் தெரிவு. ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, வேர்க்கொம்பு (சுக்கு) ஒரு துண்டு தட்டிப் போட்டு, இரண்டு கப் தண்ணீர் ஒரு கப்பாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். தேயிலை இல்லாததால் நித்திரையும் கெடாது. நெஞ்செரிவு உள்ளவர்கள் மிளகு சேர்த்த மல்லிக்கோப்பியையும் புதினாத் தேநீரையும் தவிர்ப்பது நல்லது. புதினா குளிர்ச்சி என்று நம்பிக் குடிக்கிறார்கள், ஆனால் அது இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி அமிலத்தை மேலே வரவிடும்.

இளநீரைக் கண்முன் வெட்டுவித்துக் குடியுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். கருப்பநீர் (பனையில் இறக்கும் பதநீர்) என்றால் காலையில் இறக்கிய உடனே குடியுங்கள். வெயில் ஏற ஏறப் புளித்து வயிற்றைக் கலக்கும். சர்பத்தும் ஐஸும் முதல் சில நாட்களுக்கு வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் உரத்திலிருந்து நிலத்தடி நீரில் கலந்த நைத்திரேற்று போகாது. ஆகவே கைக்குழந்தையின் பால்மாவுக்கு எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச்சான்று) முத்திரையுள்ள போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணிக்கு மேல் ஆறவிடாமல் சூடாகவே பால்மாவைக் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள்.

அப்புறம், போனவுடன் பாமசியில் ஜீவனிப் பைகள் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) சில வாங்கி வையுங்கள். வயிற்றோட்டம் வந்தால் பால்தேத்தண்ணியையும் சோடாவையும் நிறுத்தி, பையில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குடிப்பது எதுவும் தங்காவிட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.