முள் நடுவில்தான் நின்றது

அப்பாவின் பழைய அம்பாசடரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் ஏற்காட்டு ஏற்றத்தில் வண்டியோடு சேர்ந்து ஏறும், திரும்பி வரும்போது இறங்கும். எந்த வளைவில் நிறுத்தி பானட்டைத் திறப்பது என்பதை அவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார். அந்தப் பழக்கத்தில் நானும் என் காரின் முள்ளை நம்பினேன். ரேடியேட்டர் ஹோஸ் வெடித்த அன்று அது நடுவிலேயே நின்றது. அப்புறம் கீழே வேறு இறங்கியது. சூடு தணிகிறது என்று நினைத்து இன்னும் 3 கிலோமீட்டர் ஓட்டினேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து லேத்துக்குப் போனது. செலவு 22,000 ரூபாய்.

முள் இறங்கியதன் காரணம் எளிது. சென்சார், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் முங்கியிருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும். கூலண்ட் ஒழுகிப்போனால் அது வெறும் காற்றில் நிற்கிறது. இரும்பு கொதித்தாலும் அதற்குத் தெரியாது.

நடுவில் நின்றது வேறு கதை. இப்போதைய கார்கள் பலவற்றில் அந்த முள் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டது. சாதாரணமாக ஓடும்போதே கூலண்ட் சூடு இருபது டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். அதற்கெல்லாம் முள் ஆடினால் வண்டி வாங்கியவர் பயந்து சர்வீஸுக்கு வந்து நிற்பார். அதனால் சூடு ஏறி இறங்கும் ஒரு பெரிய வரம்பு முழுக்க முள்ளை நடுவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

உங்கள் முள் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்க்க வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படித்து போனுக்கு அனுப்பும் ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள சாக்கெட் இருக்கும். அதில் செருகி, போனில் ஏதாவது ஓபிடி செயலியைப் போட்டு, கூலண்ட் டெம்பரேச்சரைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் சென்சாரையே சோதிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். செயலியில் கூலண்டின் சூடும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். சேலத்தில் ஒரு காலையில் எனக்கு 27, 28 என்று வந்தது. மைனஸ் 40 என்று வந்தால் சேலம் பனிப்பிரதேசமாகிவிடவில்லை, சென்சார் வயர் விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, முள் இருக்கும் இடத்தையும் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தட்டையான சாலை போதாது, ஏற்றம் வேண்டும். நான் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏசி போட்டபடி ஏறினேன். கீழே 78 டிகிரியிலேயே முள் நடுவுக்கு வந்துவிட்டது. மேலே ஏறும்போது எண் 106 வரை போனது. முள் மயிரிழைகூட அசையவில்லை. எழுதிக்கொண்டு வந்த மச்சான், "மாமா, முள்ளு வரைஞ்சு வச்சிருக்காங்களா?" என்றான்.

இந்த எண்ணும் முழு உண்மை இல்லை. இது கூலண்டின் சூடு மட்டும். காலையில் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை நான் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதில்லை.

என் வண்டிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: 100 வரை கவலை இல்லை. ஏற்றத்தில் 105 தாண்டினால் ஏசி கட். 110 ஆனால் எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஓரங்கட்ட இடம் தேடுவேன். புழுக்கமாக இருந்தாலும் அந்த ஹீட்டர் ஒரு துப்பும் தரும்: எஞ்சின் கொதிக்கும்போது அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் பெரும்பாலும் உள்ளே கூலண்ட் இல்லை என்று அர்த்தம். உடனே அணைக்க வேண்டும். சூடான காற்று வந்து, ரேடியேட்டர் ஃபேனும் சுற்றினால், சில நிமிடம் ஐடிலில் விட்டுப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். அது பிடித்துவைத்திருக்கும் அழுத்தத்தால்தான் 110 டிகிரியிலும் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது; திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். நான் செருகியபடியே விட்டு பத்து நாள் ஊருக்குப் போய்வந்தேன், பேட்டரி படுத்துவிட்டது.