ஒரே நாவலுக்கு ஐந்து ஸ்டாரும் ஒரு ஸ்டாரும்: சரித்திர மிகுபுனைவுக் காதல் கதைகளை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு பேர் ஒரு நாவலைப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேர் ஐந்து ஸ்டார் போடுகிறார்கள், மீதி ஐம்பது பேர் ஒரு ஸ்டார். சராசரி 3. இன்னொரு நாவலுக்கு நூறு பேருமே மூன்று ஸ்டார் போடுகிறார்கள். அதற்கும் சராசரி 3 தான். முதல் நாவல் பாதிப் பேரை உலுக்கிவிட்டு மீதிப் பேரைக் கோபப்படுத்தியிருக்கிறது. இரண்டாவது நாவலைப் பற்றி யாருக்கும் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் 'சுமார்' என்று ஒதுக்கிவிட்டால், நமக்கு மிகவும் பிடித்திருக்கக்கூடிய ஒரு புத்தகம் கைநழுவிப் போய்விடும்.

சரித்திரமும் மாயமும் காதலும் கலந்த நாவல்களுக்கு இப்படி இரண்டாகப் பிளந்த வரவேற்பு கிடைப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காரணம் எளிது. மூன்று வகை வாசகர்கள் மூன்று வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். ஒருவருக்கு அந்தக் காலத்தின் வாசனை வேண்டும். இன்னொருவருக்கு மந்திரத்தின் விதிகள் பிசகாமல் இருக்க வேண்டும். மூன்றாமவர் அந்த இரண்டு பேர் சேர்வார்களா என்று தவித்தபடி பக்கம் புரட்டுகிறார். அட்டையில் வாளும் ரோஜாவும் நிலவும் ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஏதோ ஒன்றுதான் கதையை இழுத்துச் செல்லும். அது எது என்று கண்டுபிடிக்காமல் தீர்ப்பு சொல்வதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு வேர்.

கண்டுபிடிக்க நான் ஒன்று செய்து பார்ப்பேன். மனதுக்குள் காதலை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடுவேன். போரும் சாபமும் அரியணைப் போட்டியும் அப்போதும் தாமாக நடந்து முடியும் என்றால், அது காதல் கலந்த ஃபேன்டஸி. எல்லாம் சரிந்து விழுந்தால், அது ரொமான்ஸ். மற்றவை அதற்கான மேடை. ரொமான்ஸாக எழுதப்பட்ட நாவலில் 'அரசியல் போதவில்லை' என்று ஸ்டாரைக் குறைப்பதும், ஃபேன்டஸியாக எழுதப்பட்டதில் 'முதல் முத்தத்துக்கு இவ்வளவு நேரமா' என்று குறைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

முடிவு விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகும். ஆங்கிலப் பதிப்புலகில் 'ரொமான்ஸ்' என்ற சொல்லுக்கு ஒரு வரையறை உண்டு. அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டு நிபந்தனைகள் சொல்கிறது: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். அதை நம்பிப் படித்தவர், கடைசி அத்தியாயத்தில் நாயகன் இறந்துபோனால் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 'காதல் கதை' என்ற நம் சொல்லில் அப்படி ஓர் உறுதிமொழி கிடையாது. அகத்திணையை நினைத்துப் பாருங்கள். புணர்தல், இருத்தல், ஊடல், இரங்கல், பிரிதல் என்ற ஐந்தில் சேர்ந்திருப்பதைப் பாடுவது ஒன்றே ஒன்று. பிரிவையும் காத்திருப்பையும் காதலின் உச்சமாகவே பாடிய மொழியில் வளர்ந்த வாசகருக்கு அதே சோக முடிவு நிறைவாக இருக்கலாம். இருவர் சொல்வதும் உண்மைதான். எந்த எதிர்பார்ப்போடு படித்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால்தான் தகராறு.

அடுத்த தவறு, 'டிராகன் பறக்கும் கதையில் லாஜிக் எதற்கு?' என்று கேட்பது. நேர்மாறாக, மாயம் இருக்கும் கதைக்குத்தான் லாஜிக் அதிகம் தேவை. ஓர் உதாரணம் பார்ப்போம். இங்கிலாந்தில் 1753இல் ஒரு திருமணச் சட்டம் வந்தது. அதன்படி 21 வயது ஆகாதவர்கள் லைசன்ஸ் வாங்கித் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் காதலர்கள் எல்லையைத் தாண்டி கிரெட்னா கிரீன் என்ற சிற்றூருக்கு ஓடினார்கள். லண்டனிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர், குதிரை வண்டியில், பின்னால் துரத்தி வரும் அப்பாவோடு! எத்தனையோ காதல் நாவல்களுக்குத் தீனி போட்ட பயணம் அது. இப்போது அந்த நாயகனுக்கு, நினைத்த இடத்தில் மறைந்து தோன்றும் வித்தை தெரியும் என்று ஓர் எழுத்தாளர் எழுதினால், அவன் ஏன் வண்டியில் ஏறுகிறான் என்பதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். வித்தை ஒருவரை மட்டும்தான் கொண்டுபோகும் என்று ஒரு வரி இருந்தால்கூடப் போதும். அந்த வரி இல்லை என்று குறை சொல்பவரிடம் 'கற்பனைதானே, விடுங்கள்' என்பது சரியில்லை.

சரித்திரப் பிழைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஏனென்றால் இங்கேதான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். 1815இல் நடக்கும் காட்சியில் நாயகி தீக்குச்சி உரசி மெழுகுவத்தி ஏற்றினால் அது நிஜமான பிழை. உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் கண்டுபிடித்தது 1826இல். அதே நாயகி எஃகு வளையம் வைத்த குடை போன்ற பாவாடையில் நடனமாடினாலும் பிழைதான், அந்தக் கூண்டுப் பாவாடை 1850களில்தான் வந்தது. கொலம்பஸ் 1492இல் கடல் கடப்பதற்கு முந்தைய ஐரோப்பியச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகக்கூடாது. இவற்றைச் சுட்டிக்காட்டுவது நல்ல வாசகரின் வேலை.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் கதையில் ஒரு பெண்ணுக்கு 'டிஃபனி' என்று பெயர் வைத்தால் வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள், அது நேற்றுப் பிறந்த பெயர் மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது தியோஃபானியா என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்து இடைக்காலத்திலேயே புழங்கிய பெயர். எழுத்தாளர் ஜோ வால்டன் இதற்கு 'டிஃபனி பிரச்சினை' என்றே பெயர் வைத்தார். நடந்தது நம்ப முடியாததாகத் தோன்றுகிறது, நம்பும்படி இருப்பது நடக்கவே இல்லை. கல்யாண வயதும் அப்படித்தான். 'அந்தக் காலத்தில் 25 வயதுவரை ஒரு பெண் கல்யாணம் ஆகாமல் இருப்பாளா?' என்று ஒரு நாவலைக் கேலி செய்திருந்ததை ஒருமுறை படித்தேன். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பங்களில் பெண்கள் சராசரியாக இருபதுகளின் நடுவில்தான் முதல் திருமணம் செய்துகொண்டார்கள்; இளவயது மணம் பெரும்பாலும் பிரபுக்கள் வீட்டுச் சங்கதி. அந்த எழுத்தாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தேட நேரமில்லையா? 'தவறு' என்று எழுதாமல் 'எனக்கு நம்பும்படி இல்லை' என்று எழுதலாம். அது உங்கள் அனுபவம், அதை யாரும் மறுக்க முடியாது.

நாயகி 'இந்தக் காலத்துப் பெண் மாதிரி பேசுகிறாள்' என்ற புகாரும் அடிக்கடி வரும். அவள் பேசும் சொற்களா உறுத்துகின்றன, அவளுடைய எண்ணமா? இதைப் பிரித்துப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். தன் சொத்தையும் படிப்பையும் துணையையும் தானே தீர்மானிக்க விரும்பிய பெண்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்த விருப்பத்துக்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பதை நாவல் காட்டவில்லை என்றால், அங்கேதான் காலம் நழுவுகிறது.

அப்புறம், இன்னும் கனமான ஒன்று. நாயகன் நாயகியைக் கட்டாயப்படுத்துகிறான், கடத்துகிறான், மந்திரத்தால் கட்டுகிறான். ஒரு தரப்பு 'இதை எழுதியவரே மோசமானவர்' என்கிறது. மறுதரப்பு 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று வாயை அடைக்கிறது. இரண்டையுமே நான் ஏற்கவில்லை. கொடுமையைக் காட்டுவது வேறு, அதைக் காதல் என்று பரிசளிப்பது வேறு. அவள் மறுத்ததைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா, அவன் அதற்குப் பதில் சொல்கிறானா என்று பாருங்கள். அவன் அழகன் என்பதற்காகவே எல்லாம் மன்னிக்கப்பட்டால், அதை வெளிப்படையாக எழுதுங்கள். அந்த வலியைச் சுமந்தபடி படிக்க வரும் ஒருவருக்கு உங்கள் ஒரு வரி எச்சரிக்கை பெரிய உதவி. கதை முடிவைச் சொல்லாமலே அதைச் செய்ய முடியும்.

சின்னத் தவறுகளும் உண்டு. பாதியில் வைத்துவிட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். தொடரின் முதல் பாகம் என்று தெரியாமல் 'முடிச்சு அவிழவில்லை' என்று கோபிக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் படித்திருந்தால், நடை உறுத்தியது மூல ஆசிரியராலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போதெல்லாம் நாவல் வாங்குமுன் ஒரு ஸ்டார் விமர்சனங்களைத்தான் முதலில் படிக்கிறேன். 'குப்பை' என்று மட்டும் எழுதியிருப்பவற்றால் எனக்குப் பயன் இல்லை. 'நானூறு பக்கம் வரை இருவரும் கை கோர்க்கக்கூட இல்லை, கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், வெறுத்துப்போனேன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்றைக்கே அந்தப் புத்தகத்தை வாங்கினேன்.