கொழும்பில் ஆபிரிக்க சிக்லிட் தொட்டி: மீன் வாங்கும் முன்பே தொடங்கும் தவறுகள்

கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தாலே ஓர் ஊரின் தண்ணீர் எத்தகையது என்பது பெருமளவுக்கு விளங்கிவிடும். யாழ்ப்பாணத்து வீடுகளில் சில மாதங்களிலேயே கேத்தலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு ஏறிவிடுகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குழாய் நீரைக் கொதிக்க வைக்கும் கேத்தல் நெடுங்காலம் சுத்தமாகவே இருக்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது சுண்ணக்கற் பாறையில் தங்கிய நீர். கொழும்புக்கு வருவதோ, அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுக்கப்படும், கனிமம் குறைந்த மென்னீர். ஆபிரிக்க ஏரிகளைச் சேர்ந்த, சிக்லிட் எனப்படும் வண்ண மீன்களை வளர்க்க விரும்புகிறவர் முதலில் மனதிற் கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கடையில் மஞ்சளும் நீலமுமாக மின்னும் குஞ்சுகளில் மயங்கி வாங்கிவிட்டு, அதன் பிறகு தொட்டியையும் நீரையும் அவற்றுக்கேற்ப மாற்ற முயல்வதே ஏனைய தவறுகள் பலவற்றுக்கும் வேராக இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் எம்பூனா (பாறைகளிடையே வாழ்பவை), பீக்கொக் ஆகிய சிக்லிட் இனங்கள் பெரும்பாலும் மலாவி ஏரியைச் சேர்ந்தவை. அந்த ஏரி நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். தங்கனீக்கா ஏரியில் அது 9ஐ ஒட்டி நிற்கும். இதைக் கேள்விப்பட்டவுடன் பிஎச் உயர்த்தும் திரவப் போத்தல் ஒன்றை வாங்கித் துளித்துளியாக விடுவதுதான் பலரும் செய்வது. மாலையில் ஏறிய அளவு இரண்டு நாளில் இறங்கிவிடும். மறுபடி துளிகள், மறுபடி ஏற்றம். சற்றுக் குறைந்தாலும் நிலையாக இருக்கும் பிஎச் அளவை இந்த மீன்கள் தாங்கும், ஊசலைத் தாங்கா. நீர் மென்மையாக இருக்கும்போது அமிலத்தை ஈடுசெய்யும் கார்பனேற்று அதில் மிகக் குறைவு. தொட்டியிலுள்ள பக்டீரியாக்கள் மீனின் கழிவை நைத்திரேற்றாக மாற்றும்போது பிறக்கும் அமிலமோ இருக்கும் கொஞ்சத்தையும் தின்றுவிடுகிறது. ஆகவே உயர்த்த வேண்டியது பிஎச் அளவை அல்ல, கார்பனேற்றுக் கடினத்தன்மையை. கோழித்தீனுக்கென விற்கும் நொறுக்கிய சிப்பியோட்டை நன்கு கழுவி வடிகட்டிக்குள் ஒரு பையில் இடலாம். நீர் அமிலப்படும்போது அது மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். இன்னும் வேண்டுமானால், மாற்றுவதற்காக எடுக்கும் புது நீரில் 50 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்தால் கார்பனேற்றுக் கடினத்தன்மை ஏறத்தாழ நான்கு பாகை (dKH) உயரும். கடற்கரையில் பவளக்கல் பொறுக்கி வந்து போடும் எண்ணத்தை மட்டும் கைவிட வேண்டும்: இலங்கையில் பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

இந்தக் கார நீருக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சு வடிவம் பிஎச் ஏற ஏறப் பெருகுகிறது: 25 பாகை வெப்பத்தில் பிஎச் 7 எனில் மொத்த அமோனியாவில் ஒரு வீதத்துக்கும் குறைவாக இருப்பது, பிஎச் 8இல் ஐந்து வீதத்தைத் தாண்டிவிடும். தொட்டி வைத்த வாரமே மீன் விடுவது எந்த மீனுக்கும் தீங்கு என்றால், சிக்லிட்டுக்கு அது பன்மடங்கு தீங்கு. அந்த அமோனியாவை மாற்றும் பக்டீரியா வடிகட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை தேவைப்படும். என் முதல் தொட்டியில் எட்டுக் குஞ்சுகளைப் பத்தாம் நாளில் விட்டேன், மூன்றுதான் எஞ்சின. அந்தக் காத்திருப்பை ஒருவரும் குறைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

அடுத்து, எந்த மீனை எதனோடு வைப்பது என்பது. இங்கேதான் அதிக உயிர்கள் வீணாகின்றன. "கலப்பு ஆபிரிக்கன்" என்ற பெயரில் ஒரே தொட்டியில் விற்கப்படும் ஓர் அங்குலக் குஞ்சுகள் எவை எவை என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மஞ்சளில் கருங்கோடுகளுடன் வரும் ஓரேட்டஸ் குஞ்சு, ஆணாக இருந்தால் வளர்ந்து கருமை பூண்டு, நான்கடித் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். நீலக் குஞ்சாக வாங்கிய கென்யி ஆண் மஞ்சளாகி அதே வேலையைச் செய்யும். பெயர் தெரியாத மீனை வாங்காதிருப்பதே இதற்குள்ள பாதுகாப்பு. முதன்முறை வளர்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இலெக்ட்ரிக் யெலோ எனப்படும் மஞ்சள் இனத்தை. எம்பூனாக்களுக்குள் அது ஓரளவு சாந்தமானது. ஓர் ஆணுக்குக் குறைந்தது மூன்று பெண் என்ற விகிதம் பேணப்பட வேண்டும். இல்லையெனில் ஆணின் துரத்தல் முழுவதும் ஒரே பெண்ணின் மேல் விழும். பீக்கொக்குகள் மணலில் சிற்றுயிர்களைத் தேடி உண்ணும் மென்போக்கானவை. எம்பூனாக்களோடு சேர்த்தால் ஒதுங்கி, நிறம் மங்கி, இளைத்துப்போகும். பீக்கொக் இனங்களின் பெண்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றுவதால், பல இனங்களைக் கலந்து வைத்தால் கலப்பினக் குஞ்சுகளும் பிறக்கும்.

நெருக்கமாக மீன் விட்டால் சண்டை குறையும் என்ற அறிவுரை பொய்யல்ல. துரத்தல் பலர் மேலும் பரவுவதால் எவரும் தனித்துக் காயப்படுவதில்லை. ஆனால் அது பாதி உண்மை. வலுவான வடிகட்டியும், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர்மாற்றமும் இல்லாத வீட்டில் அந்த நெருக்கமே நஞ்சாகிவிடும். மீன்களை ஒரே வயதில், இயன்றவரை ஒரே நாளில் விட வேண்டும். பின்னர் புதிதாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால், கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டுச் சேர்க்கலாம். பழைய எல்லைகள் கலைந்திருப்பதால் புதியதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

கற்களை மணலின் மேல் அடுக்கக் கூடாது. எம்பூனாக்கள் அடியைத் தோண்டும்; அடுக்கு சரிந்து கண்ணாடி பிளக்கும். முதலில் அடிக்கண்ணாடியில் ரிஜிபோம் தகடு, அதன்மேல் கல், கடைசியில்தான் மணல். கருங்கல் போதும். தண்ணீரை அமிலப்படுத்தும் மரக்கட்டை வேண்டாம். தொடர்மாடி வீடுகளில் பாரத்தையும் கணக்கிட வேண்டும்: நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 250 கிலோ.

எம்பூனாக்கள் பாறைமேல் படரும் பாசியை மேய்பவை, குடல் நீண்டது. மாட்டிதயம், இரத்தப்புழு போன்ற ஊன் உணவு வயிற்று வீக்க நோய்க்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஸ்பிருலினாப் பாசி கலந்த தீன் போதும்.

கொழும்பில் ஹீட்டருக்குச் செலவிடத் தேவையில்லை. சிக்கல் வெப்பம் மிகுவதுதான். 25 பாகையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.6 ஆகக் குறையும். பங்குனி, சித்திரை மாதங்களில் நீரின் மேற்பரப்பை நன்கு அசைய வைப்பதும், சிறு மின்விசிறியை மேற்பரப்பின் மேல் வீசவிடுவதும் உதவும். மூடி திறந்திருக்குமானால் மீன் துள்ளி வெளியே விழாமல் வலை கட்ட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்று மீண்டால், வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியை உடனே இயக்கிவிடக் கூடாது. உள்ளே தேங்கிய, ஒட்சிசனற்ற நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தால், தாய் மூன்று வாரமளவில் வாயில் வைத்துக் காத்த குஞ்சுகள் பாறை இடுக்குகளில் தென்படத் தொடங்கும். அவற்றைப் பேரை வாவியிலோ வீட்டருகிலுள்ள கால்வாயிலோ விடுவது பெருந்தவறு. 1952இல் உணவுக்கென இந்நாட்டுக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியாவும் ஓர் ஆபிரிக்க சிக்லிட்தான். இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது. மேலதிகக் குஞ்சுகளை எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முதல் மீனை வாங்கும் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும்.