கேம் கொம்பியூட்டருக்கு எத்தனை ஜிபி ரேம் போதும்?

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு முன்னறையில்தான் கொம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கிறேன். போன மாதம் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி தன் சீபீயூ பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். "அண்ணா, ஜீடிஏ விளையாடினால் நின்று நின்று போகுது. 32 ஜிபி ரேம் போடவேணும், காசு கொண்டு வந்திருக்கிறன்" என்றான். ஏஎல் படிக்கிற பிள்ளை, பல மாதம் சேர்த்த காசு. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் பார்ப்போம், பிறகு வாங்குவோம் என்றேன். ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கிற வேலையை கொம்பியூட்டர் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வழக்கமாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடாமல் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. 16 ஜிபி உள்ள மெஷினில் 11, 12 தான் ஓடுகிறது என்றால் உங்களுக்கு ரேம் குறையவில்லை. அப்படியும் கேம் இழுத்தால், கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் கிராஃபிக்ஸ் கார்டைப் பாருங்கள். கார்டுக்கென்று தனி மெமரி உண்டு. அது நிரம்பினால் இங்கே எத்தனை ஜிபி சேர்த்தாலும் அந்தக் குறை தீராது.

தம்பியின் மெஷினில் இருந்தது ஒரே ஒரு 8 ஜிபி ரேம். தனிக் கார்டு இல்லை, ரைசன் 5600ஜி பிராசசருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ்தான். அது தனக்கு 2 ஜிபியை எடுத்துக்கொண்டதால் விண்டோஸுக்கும் கேமுக்கும் மிஞ்சியது 6 கூட இல்லை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். கேம் நின்று நின்று போவது அதனால்தான்.

இன்றைக்கு கேம் விளையாட 16 ஜிபி என்பதே என் பதில். வலோரண்ட் மாதிரி கேம்கள் 8 இலேயே ஓடும், ஆனால் பக்கத்தில் குரோமும் டிஸ்கோர்டும் திறந்திருந்தால் மூச்சு முட்டும். சைபர்பங்க் 2077 குறைந்தது 12 கேட்கிறது, ஹொக்வார்ட்ஸ் லெகசி குறைந்ததே 16. மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 க்கு 32 நல்லது என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். வீடியோ எடிட் பண்ணுகிறவர்களும், விளையாடிக்கொண்டே லைவ் போடுகிறவர்களும் 32 போடலாம். கேமுக்கு மட்டும் 64 வேண்டாம்.

எத்தனை ஜிபி என்பதை விட எத்தனை துண்டு என்பதைத்தான் நம் பொடியன்கள் கவனிப்பதில்லை. பழைய கல்லடிப் பாலம் மட்டும் இருந்த காலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்கவேணும். 2013 இல் புதிய பாலம் திறந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியது. ஒரு ரேம் போட்டால் பிராசசருக்கு ஒரு வழி, ஒரே மாதிரி இரண்டு போட்டால் இரண்டு வழி. ஆகவே 16 என்றால் இரண்டு 8 ஆக வாங்குங்கள். தனிக் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தம்பிக்கு அதே வகையில் இன்னொரு 8 மட்டும் எடுத்தேன், மிச்சக் காசு அவன் பொக்கெட்டிலேயே இருந்தது.

வாங்குமுன் மதர்போர்ட், அதாவது எல்லாம் பூட்டுகிற பெரிய போர்ட், எந்த வகை ரேமுக்கானது, டிடிஆர்4 ஆ டிடிஆர்5 ஆ என்று பாருங்கள். ரேமின் அடியில் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றில் மற்றது இறங்காது.

பூட்டும்போது வயரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், உள்ளே தங்கிய கரண்ட் போய்விடும். கேஸின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை எடுங்கள். நாங்கள் கடற்கரை ஆட்கள். உப்புக் காற்றில் ரேமின் அடியில் இருக்கிற பொன்னிறப் பற்கள் மங்கிப்போவதுண்டு. தம்பியின் பழைய ரேமிலும் ஓரத்துப் பற்கள் தேயிலைக் கறை மாதிரி இருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை பிரஷால் தட்டினேன். ரேம் போடுகிற ஸ்லொட் நாலு இருந்தால் பிராசசர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதுதான் பெரும்பாலான போர்ட்களில் சரி. இரண்டு முனையையும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பாதி இறங்கிய ரேமால்தான் திரை வராமல் பலர் பயந்துபோய் என்னிடம் வருகிறார்கள்.

கடைசியாக, விண்டோஸ் வருமுன் திறக்கிற செட்டிங் பக்கமான பயோஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்எம்பியை ஓன் பண்ணுங்கள், ஏஎம்டியின் டிடிஆர்5 போர்ட்களில் அதற்கு எக்ஸ்போ என்று பெயர் இருக்கும். பண்ணாவிட்டால் வேகம் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133, 2400, 2666 இல் ஒன்றில்தான் ஓடும். தம்பியின் மெஷின் வாங்கிய நாளில் இருந்தே 2400 இல் ஓடியிருக்கிறது, விற்ற கடையில் ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. டிடிஆர்5 என்றால் முதல் தடவை ஓன் பண்ணும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். அது ரேமைப் பழகிக்கொள்கிற நேரம், இடையில் கரண்டை நிறுத்தவேண்டாம்.

அன்று பின்னேரம் தம்பி அதே சீபீயூவை மடியில் வைத்துக்கொண்டு கல்முனை பஸ் ஏறினான். இரவு டாஸ்க் மனேஜரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்: நாலு ஸ்லொட்டில் இரண்டில் ரேம், வேகம் 3200.