குத்துச்சண்டை வீரரின் உச்சத்தையும் சரிவையும் கண்டுபிடிப்பது எப்படி

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் பழைய சண்டைகளைப் போட்டுக் காட்டுவேன். யாராவது ஒரு வீரரின் பெயரைச் சொன்னால் போதும், உடனே வெற்றி தோல்விக் கணக்கைத் தேடி எடுத்துவிடுவார்கள். முகமது அலியா? 61 சண்டை, 56 வெற்றி, 5 தோல்வி. சரி, இதில் அவர் எந்த வருடம் உச்சத்தில் இருந்தார், எப்போது இறங்கத் தொடங்கினார்? கணக்கு அதைச் சொல்லாது. பெரும்பாலான வீரர்களின் சரிவு அவர்கள் வென்ற சண்டைகளிலேயே தொடங்கிவிடுகிறது. அதைக் கண்ணால் பிடிக்க நான் பழகிய முறை இது.

ஒரு வீரருக்கு ஐந்து சண்டைகள் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் வென்றது, அதற்குப் பின் மிகச் சுலபமாக வென்றது, முதல் பெரிய தோல்வி, கடைசிக் காலத்துச் சண்டை ஒன்று. ஐந்தாவதுதான் முக்கியம்: அந்தத் தோல்விக்கு முன்பு வென்ற சண்டை. தேதி வரிசை மாறாமல் பாருங்கள். சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனை செய்பவர் வீரரின் பழைய புகழையே பேசிக்கொண்டிருப்பார், நம் கண்ணும் அதை நம்பிவிடும்.

முதல் தடவை கால்களை மட்டும் பாருங்கள். அலி 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸுடன் மோதினார். மூன்றாவது ரவுண்டில் முடிந்துபோன சண்டை. எட்டாத தூரத்தில் நிற்பார், உள்ளே வந்து அடிப்பார், எதிராளி கையை எடுப்பதற்குள் வேறு இடத்தில் இருப்பார். வயது 24. அதற்குப் பிறகு இரண்டே சண்டைகள். 1967 ஏப்ரலில் ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டமும் உரிமமும் போயின, 1970 அக்டோபர் வரை ரிங்கில் ஏற முடியவில்லை. இப்போது 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியருடன் நடந்த சண்டையைப் போடுங்கள். முன்பு கால்கள் செய்த வேலைக்கு இப்போது கயிற்றில் சாய்கிறார். 15ஆவது ரவுண்டில் ஃபிரேசியரின் இடது ஹூக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) அவரைக் கீழே தள்ளியது, புள்ளிகளிலும் தோற்றார்.

அப்படியானால் 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினாரே, அது உச்சம் இல்லையா? உச்சம்தான், ஆனால் வேறு வகை. அன்றும் கயிற்றில்தான் சாய்ந்தார். ஃபோர்மேன் அடித்து அடித்துக் களைத்துப்போகும்வரை அடி வாங்கிப் பொறுத்தார். அதனால் என் நோட்டில் எப்போதும் இரண்டு பத்திகள் போடுவேன்: ‘உடம்பின் உச்சம்’, ‘பெரிய இரவு’. அலிக்கு இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம். மைக் டைசனுக்கு இரண்டும் ஒரே நாள்: 1988 ஜூன், மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 91 வினாடி.

இரண்டாம் தடவை, குத்திய கை எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸின் சண்டைப் படங்களைப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து) போட்டபின் லூயிஸின் இடது கை தாழ்வாகத் திரும்புகிறது. அந்த இடைவெளியில் வலது கையால் குத்திக்கொண்டே இருந்து 12ஆவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். லூயிஸுக்கு அப்போது 22 வயது. இது சரிவு இல்லை, பிழை. பிழையைத் திருத்தலாம். 1938இல் அதே ஷ்மெலிங்கை 124 வினாடியில் முடித்தார். 1951இல் ராக்கி மார்சியானோவிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்ததை இதோடு சேர்க்கக் கூடாது. அப்போது வயது 37, வரிக்கடன் அவரை மறுபடி ரிங்குக்குள் இழுத்து வந்திருந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் பக்கத்தில் ‘பிழை’ அல்லது ‘உடம்பு’ என்று எழுதிவிடுங்கள்.

மூன்றாம் தடவை, ரவுண்டுகளுக்கு நடுவே உள்ள ஒரு நிமிடம். எல்லாரும் அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள், தயவுசெய்து தள்ளாதீர்கள். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் தோற்றார். கண் வீங்கியபோது ஒத்தடம் கொடுக்கும் இரும்புகூட அவரது மூலையில் இருந்த உதவியாளர்களிடம் இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். பழைய பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988லேயே அனுப்பியாகிவிட்டது. ஸ்பிங்க்ஸ் சண்டையில் ஓயாமல் அசைந்த தலை, டோக்கியோவில் நேராக நிற்கிறது. ஆனால் முதல் அடையாளம் அதற்கு ஒரு வருடம் முன்பே இருக்கிறது. 1989இல் ஃபிராங்க் புரூனோவின் இடது ஹூக் முதல் ரவுண்டிலேயே டைசனை ஆட்டியது. ஐந்தாவது ரவுண்டில் டைசன் வென்றதால் அது மறந்துபோனது. ராய் ஜோன்ஸும் அப்படித்தான். 2004இல் அன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்ததை எல்லாரும் பார்ப்பார்கள். ஆறு மாதம் முன்பு அதே டார்வரைப் புள்ளிகளில் திணறி வென்ற சண்டையைப் பாருங்கள்.

மிக மோசமான நாளோடு நோட்டை மூடாதீர்கள். ராபர்ட்டோ டுரான் 1980 ஜூனில் சுகர் ரே லெனார்டை வென்று, நவம்பரில் அவரிடமே எட்டாவது ரவுண்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு போனார். அத்தோடு குத்துச்சண்டையையே விட்டிருந்தால் கோழை என்ற பெயரே மிஞ்சியிருக்கும். 1989இல், 37 வயதில், ஐரான் பார்க்லியிடமிருந்து மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். எனக்கு மிகவும் பிடித்த சண்டை அது.

அலி கடைசியில் மோதியவற்றில் 1980இல் லாரி ஹோம்ஸுடன் நடந்ததை நான் முழுதாகப் போடுவதில்லை. ஒரு ரவுண்டு போட்டு நிறுத்திவிடுவேன். கால்களை மட்டும் பாருங்கள் என்று சொல்லியிருப்பதால் பிள்ளைகள் அதற்குள் பார்த்துவிடுவார்கள். அப்புறம் 1994க்குப் போவோம், ஃபோர்மேன் மைக்கேல் மூரருடன் மோதிய சண்டை. மூரர் மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னால் இருக்கிறார். கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்புக் கால்சட்டையோடு, 45 வயது ஃபோர்மேன் பத்தாவது ரவுண்டுக்கு எழுந்து வருகிறார். அங்கே வலது கையைப் பாருங்கள்.